மணி மொழியும் பொற்கடிகாரம்

'மணி என்ன?' என்று ஒரு நாளில் பல முறை வினவுகிறோம். அவ்வினாவில் உள்ள 'மணி' என்னும் சொல் எங்கிருந்து வந்தது என எண்ணிப் பார்ப்போர் சிலரே. தமிழில் மணி என்பது ஒளிவிடும் கல்லைக் குறிக்கும். நெல்லின் வித்தைக் குறிக்கும். நாவசைந்து ஒலிக்கும் வெண்கலக் கருவியையும் குறிக்கும். காலத்தைச் சுட்டும் மணி, இம்மூன்றனுள் இறுதியாகக் கூறிய ஒலிக்கருவியின் வழி வந்ததாகும். 'ஏழு மணி' என்றால் மணி ஏழு முறை அடிக்கப்பட்ட பொழுது என்பதே அதன் பொருள். ஆங்கிலேயர் சுவர்க் கடிகாரத்துக்கு வழங்கும் 'கிளாக்' என்னும் பெயரும் மணியைக் குறிக்கும் பழைய இலத்தீன் சொல்லின் வழித்தோன்றலே. அரபு மொழியில் 'ஸாஅத்' என்னும் ஒரே சொல் மணி நேரத்தையும் கடிகாரத்தையும் குறிப்பதோடு, உலகின் இறுதி வேளையையும் சுட்டுகிறது.

இச்சொற்களை ஒருங்கு வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகும். மனிதர்கள் நெடுங்காலம் பொழுதைக் காதால் அறிந்து வந்தனர். டயலையும் முள்ளையும் பார்த்து நேரம் அறியும் வழக்கம் பின்னர் வந்தது. கடிகாரங்களுள் ஒரு வகை மட்டும், சட்டைப்பையில் அடங்கும் அளவுக்குச் சிறுத்த பின்னரும், கேட்போருக்கு ஒலியாலேயே விடை கூறும் பழைய பண்பைக் கைவிடவில்லை. 'ரிப்பீட்டர்' என்று கடிகாரத் தொழிலாளர் அழைக்கும் அதனை நாம் 'மணிமொழிக் கடிகாரம்' எனலாம். பொன் உறையிட்ட இவ்வகைக் கடிகாரம் ஒரு காலத்தில் செல்வர் இல்லத் திருமணங்களில் மாப்பிள்ளைக்கு அளிக்கத்தக்க உயர்ந்த பரிசாகக் கருதப்பட்டது. அதன் அமைப்பையும் வரலாற்றையும், இன்று அதற்கு நேரக்கூடிய கேட்டினையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

காதுக்கு எட்டிய காலம்

நிழலை அளந்து பொழுதறிதல் பகலுக்கு மட்டுமே உதவும். இரவுக்கு நீரே துணையாயிற்று. நீர் சிறுகச் சிறுகக் கசியும் கலத்தைக் கொண்டு பொழுதை அளந்தவர்கள், பாசறையில் இருந்த அரசனுக்கு நேரத்தை வாயால் அறிவித்த செய்தியை நப்பூதனாரின் முல்லைப்பாட்டு தெரிவிக்கிறது. அக்கருவியைக் கன்னல் என்றனர். பின்னாளில் நாழிகை வட்டில் என்றனர். ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகை நம் கணக்கில் 24 நிமிடம். ஏழரை நாழிகை கொண்டது ஒரு சாமம். இக்கணக்கை வைத்திருந்தவர் சிலர்; அவர் கூறக் கேட்டு நடந்தவர் பலர்.

ஒலிக்கும் கடிகாரத்தைப் பரிசாக அளிக்கும் வழக்கமும் பழைமையானதே. பாக்தாதில் ஆட்சி புரிந்த கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் தூதர்கள் 807ஆம் ஆண்டில் பிராங்க் நாட்டு மன்னர் சார்லமேனுக்கு ஒரு பித்தளை நீர்க்கடிகாரத்தைக் கொண்டு சென்றனர். ஒவ்வொரு மணியும் நிறைவுறும்போது சிறு உருண்டைகள் கீழே இருந்த தாளத்தின்மீது விழுந்து ஒலி எழுப்பியதாக அந்நாட்டு ஆண்டுக்குறிப்புகள் வியந்து கூறுகின்றன. 1206ஆம் ஆண்டில் அல்ஜஸரி என்னும் அறிஞர் எழுதிய பொறியியல் நூலிலும் தாளம் தட்டியும் பறை முழக்கியும் பொழுதுரைக்கும் கடிகாரங்களின் விளக்கங்கள் படங்களோடு இடம்பெற்றுள்ளன.

நம் கோவை மாநகரையே எடுத்துக் கொள்வோம். கோயில் மணியும், பள்ளிவாசல் பாங்கும், தேவாலய மணியும் இந்நகரின் பொழுதைப் பகுத்தன. 1888இல் கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்டு வீவிங் மில் தோன்றி, அதனைத் தொடர்ந்து ஆலைகள் பெருகியபின் மில் சங்கு அவற்றோடு சேர்ந்து கொண்டது. வீட்டில் கடிகாரமே இல்லாத தொழிலாளியும் சங்கொலி கேட்டு எழுந்தார். சங்கொலி கேட்டு ஓடினார். அடுத்த சங்கு கேட்டு இல்லம் திரும்பினார். சங்கு ஊருக்கெல்லாம் பொது. வேண்டிய நேரத்தில் அதனை வினவ இயலாது. நள்ளிரவில் விழித்த ஒருவர், 'இப்போது பொழுது என்ன?' என்று தாமே கேட்டு விடை பெற வேண்டுமானால் தனியொரு கருவி தேவை. மணிமொழிக் கடிகாரம் தோன்றிய காரணம் இதுவே.

இருளுக்காகப் பிறந்த கருவி

தீக்குச்சி 1827ஆம் ஆண்டில்தான் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்னர் நள்ளிரவில் விளக்கேற்றுதல் எளிய செயலன்று. சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டிப் பொறி எழுப்பி, பஞ்சில் பற்ற வைத்து, அதிலிருந்து திரிக்குத் தீயை மாற்ற வேண்டும். நேரம் பார்ப்பதற்காக இத்தனை பாடுபட வேண்டியிருந்த காலத்தில்தான் இருளில் பேசும் கடிகாரம் உருவாயிற்று.

இங்கிலாந்தில் எட்வர்டு பார்லோ என்னும் பாதிரியார் 1676ஆம் ஆண்டளவில் மணியடிக்கும் பெரிய கடிகாரங்களுக்கு ஒரு புதிய பொறியமைப்பைக் கண்டார். கயிற்றை இழுத்தால் கடைசியாகக் கடந்த மணியைத் திரும்பவும் அடிக்கும் வசதி அதனால் கிட்டியது. அதனைச் சட்டைப்பைக் கடிகாரத்துக்குள் அடக்கும் முயற்சியில் பார்லோவும், லண்டன் கடிகாரக் கலைஞர் டேனியல் குவேர் என்பவரும் தனித்தனியே ஈடுபட்டனர். உரிமை யாருக்கு என்ற வழக்கு இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் அவைக்கு வந்தது. மன்னர் இருவர் கடிகாரங்களையும் இயக்கிப் பார்த்தார். பார்லோவின் கடிகாரத்தில் மணிக்கு ஒரு விசையும், கால் மணிக்கு மற்றொரு விசையுமாக இருமுறை அழுத்த வேண்டியிருந்தது. குவேரின் கடிகாரம் ஒரே அழுத்தத்தில் இரண்டையும் கூறிற்று. 1687இல் தீர்ப்பு குவேருக்குச் சாதகமாக அமைந்தது. இருளில் தடவித் தேடும் விரலுக்கு ஒரு விசையே எளிது என்பதை மன்னரும் உணர்ந்தார் போலும்.

தொடக்கக் காலக் கடிகாரங்களின் உட்புறத்தில் கிண்ணம் போன்ற சிறு மணி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. 1783ஆம் ஆண்டையொட்டிப் பாரிஸ் நகரின் பிரெகே என்னும் பெருங்கலைஞர் மணியை நீக்கி, இயந்திரத்தைச் சுற்றி வளைந்து செல்லும் எஃகுக் கம்பியை வைத்தார். கடிகாரம் மெலிந்தது, ஒலியும் இனிமை பெற்றது. மணியும் கம்பியுமின்றி உறையின் உட்புறத்தையே தட்டும் வகையும் உண்டு. அதன் துடிப்பைக் கையால் உணரலாம். சபையில் இருப்போர் பிறர் அறியாமல் நேரம் அறியவும், கேள்வித்திறன் குன்றியோர் தொட்டறியவும் அது உதவிற்று. கண் பார்வையற்றோர்க்கு இவ்விருவகைக் கடிகாரங்களும் அருந்துணையாயின. லண்டனில் செய்யப்பட்டு, துருக்கி நாட்டு எண்கள் பொறித்த டயலோடு உதுமானியப் பேரரசுக்கு ஏற்றுமதியான கடிகாரங்களிலும் மணியொலிக்கும் வகைகள் இருந்தன.

விடை கூறும் முறை

கடிகாரத்தின் விளிம்பில் நகரும் சிறு தள்ளுவிசை ஒன்று இருக்கும். சிலவற்றில் சங்கிலி மாட்டும் வளையத்தின் அடியிலேயே அது அழுத்துவிசையாக அமைந்திருக்கும். அதனை இறுதிவரை நகர்த்தி விட்டுவிட்டால் கடிகாரம் அடிக்கத் தொடங்கும். அடியின் கணக்கு கடிகாரத்தின் வகைக்கேற்ப மாறும்.

கால்மணி வகையில் முதலில் மணிகள் ஒற்றை ஒலியாகவும், பின்னர் கடந்த கால்மணிகள் 'டிங்-டாங்' என்னும் இரட்டை ஒலியாகவும் வரும். நேரம் 10 மணி 47 நிமிடம் எனில், பத்து ஒற்றை ஒலிகளும் மூன்று இரட்டை ஒலிகளும் கேட்கும். முக்கால் மணி கடந்தது என்பது மட்டும் விளங்கும். எஞ்சிய இரண்டு நிமிடங்கள் விளங்கா. நிமிட வகையோ அதனையும் உரைக்கும். தாழ்ந்த ஒலியில் பத்து. உயர்ந்ததும் தாழ்ந்ததும் இணைந்த இரட்டை ஒலியில் மூன்று. உயர்ந்த ஒலியில் இரண்டு. 10 மணி, மூன்று கால், இரண்டு நிமிடம் என்று கூட்டிக் கொள்ள வேண்டும்.

இவ்வகைக் கடிகாரம் மிகுதியாகப் பேசும் நேரம் 12 மணி 59 நிமிடமாகும். மணிக்குப் பன்னிரண்டு, மூன்று கால்மணிக்கு மூன்று இணைகளாக ஆறு, நிமிடத்துக்குப் பதினான்கு, ஆக 32 அடிகள். அடுத்த நிமிடமே விசையைத் தள்ளினால் ஒரே ஓர் அடியோடு நின்றுவிடும். அவ்வோர் அடி ஒரு மணியைக் குறிக்கும். இந்த ஒழுங்கை அறியாதவர் கடிகாரம் பழுதுற்றது என்றே கருதக்கூடும்.

உள்ளே நிகழ்வது

கடிகாரம் எண்ணத் தெரிந்ததுபோல் அடிப்பது எவ்வாறு? அதன் உள்ளே நத்தை ஓட்டின் வடிவில் படிப்படியாகக் குறைந்து செல்லும் தட்டு ஒன்று உண்டு. அதற்குப் பன்னிரண்டு படிகள். மணி முள்ளோடு தொடர்புற்று, மணிக்கு ஒரு படியாக அது திரும்பும். விசையைத் தள்ளும்போது பற்களையுடைய கை ஒன்று அப்படியின்மீது சென்று தங்கும். படி உயரமாயின் கை சிறிதே நகரும். பள்ளமாயின் மிகுதியாக நகரும். நகர்ந்த தொலைவில் எத்தனைப் பற்கள் கடந்தனவோ, திரும்பி வருகையில் சுத்தியலை அத்தனை முறை அவை தூக்கி அடிக்கும். கால்மணிக்கு நான்கு படிகள் கொண்ட வேறொரு தட்டு உண்டு. நிமிடத்துக்கு நான்கு கிளைகளும், கிளைக்குப் பதினான்கு படிகளும் கொண்ட மூன்றாவது தட்டு உண்டு. இவை அனைத்தும் ஒரு ரூபாய் நாணயத்தை விடச் சற்றே அகன்ற வட்டத்துக்குள் அடங்கியுள்ளன. ஒவ்வொரு படியும் கையால் அராவிச் சரிபார்க்கப்பட்டது. ஒரு படியில் மயிரிழை பிசகினாலும் பதினொன்று பத்தாகிவிடும்.

இரண்டு நுட்பங்கள் சிறப்பாகக் கருதத்தக்கவை. முதலாவது, அடிப்பதற்கான ஆற்றலைக் கடிகாரத்தின் பெரிய வில்சுருள் தருவதில்லை. விசையைத் தள்ளும் நம் விரலே தனியொரு சிறு வில்சுருளை முறுக்கி அவ்வாற்றலைத் தருகிறது. கேட்பவர் தம் உழைப்பைச் செலுத்தினாலன்றி விடை கிட்டாது. இரண்டாவது, விசை பாதியளவே தள்ளப்படின் கடிகாரம் அடிக்கவே அடிக்காது. அரைகுறையாகத் தள்ளினால் தவறான எண்ணிக்கை வந்துவிடும் என்பதால், முழுமையாகத் தள்ளினாலன்றிச் சுத்தியலை விடுவிக்காத ஒரு தடுப்பை அமைத்துள்ளனர். 'முழுமை அல்லது இன்மை' என்பது கடிகாரத் தொழிலில் அதன் பெயர். பொய்யான நேரம் உரைப்பதினும் வாய் மூடியிருத்தல் நன்று என்னும் அறத்தைப் பித்தளையிலும் எஃகிலும் செய்து வைத்திருக்கிறார்கள்.

கொங்கு நாட்டுக்குக் கடிகாரம் வந்த வழி

சென்னையிலிருந்து சேலம், ஈரோடு, போத்தனூர் வழியாக மேற்குக் கரையின் பேப்பூர் வரை செல்லும் இருப்புப்பாதை 1862இல் நிறைவுற்றது. போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் கிளைப் பாதை 1873இல் திறக்கப்பட்டது. நாழிகைக் கணக்கில் வாழ்ந்த கொங்கு நாட்டு மக்கள் நிமிடக் கணக்குக்குப் பழகத் தொடங்கியது இதன் பின்னரே எனலாம். அன்று இரயில்கள் சென்னை நேரத்தைப் பின்பற்றின. சென்னைக்கும் கோவைக்கும் இடையே ஏறத்தாழ மூன்றேகால் பாகை நெடுக்கோட்டு வேறுபாடு உண்டு. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் எனக் கணக்கிட்டால், கோவையின் வெயில் நேரம் சென்னைக்கு 13 நிமிடம் பிந்தியது. ஊர் வழக்கப்படி உச்சிப்பொழுது என்று எண்ணி நிலையத்துக்கு வந்தவருக்கு இரயில் போய்விட்ட செய்திதான் கிடைத்திருக்கும். 1906 சனவரி முதல் நாளில் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தபின் இவ்வேறுபாடு 22 நிமிடமாயிற்று. கோவைப் பள்ளிவாசல்களில் லுஹர் வேளை பன்னிரண்டு மணிக்குத் தொடங்காமல் அதற்கு இருபது நிமிடங்களுக்குப் பிற்பட்டே பெரும்பாலும் தொடங்குவதன் காரணம் இதுவேயாம். கதிரவன் கோவையின் உச்சிக்கு வரும் நேரம் அது.

ஆகவே கடிகாரம் வைத்திருப்பவர், இரயிலின் நேரத்தையும் நீதிமன்றத்தின் நேரத்தையும் அறிந்தவராகக் கருதப்பட்டார். பொறுப்புடையவர் என்னும் மதிப்பும் அதனோடு சேர்ந்து வந்தது. திருமணத்தில் மாப்பிள்ளைக்குக் கடிகாரம் அளிக்கும் வழக்கம் வேரூன்றியதன் காரணம் இம்மதிப்பே. 'இனி நீ ஒரு குடும்பத்தின் நேரத்துக்குப் பொறுப்பாளன்' என்னும் குறிப்பு அப்பரிசில் அடங்கியிருந்தது. பொன் உறையிட்ட மணிமொழிக் கடிகாரம் அவ்வரிசையின் உச்சியில் இருந்தது. மிகச் சில இல்லங்களுக்கே அது எட்டியது. 1961இல் பெங்களூரில் எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு இணைந்து கைக்கடிகார ஆலையைத் தொடங்கியபின், நடுத்தரக் குடும்பத்து மாப்பிள்ளைக்கும் கடிகாரம் எட்டிற்று. 1984இல் தமிழ்நாட்டு அரசு நிறுவனமும் டாடா குழுமமும் இணைந்து டைட்டன் நிறுவனத்தை உருவாக்க, ஒசூரில் ஆலை எழுந்தது. சாவி கொடுக்கும் கடிகாரங்களின் இடத்தை மின்கலக் கடிகாரங்கள் பிடித்தன. எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட 2016இல் நடுவண் அரசு ஒப்புதல் அளித்தது. இன்று கைப்பேசி அனைவர்க்கும் நேரம் கூறுகிறது. பாட்டனார் காலத்துப் பொற்கடிகாரமோ பீரோவின் உட்பெட்டியில் பட்டுத்துணிக்குள் உறங்குகிறது.

பொன்னா, பணியா?

அவ்வுறக்கம் பெரும்பாலும் மற்றொரு திருமணத்தால் கலைகிறது. மகளுக்கு நகை செய்ய வேண்டும். வீட்டில் உள்ள பழைய பொன்னையெல்லாம் ஒன்று சேர்க்கிறார்கள். கடிகாரமும் அக்குவியலில் வந்து சேர்கிறது. இராஜ வீதியிலும் வைசியாள் வீதியிலும் பொற்கொல்லர் உரைகல்லில் உரைத்துப் பார்க்கிறார். உறையை எடை போட்டு, இயந்திரத்தைத் தனியே எடுத்து ஒரு காகிதத்தில் மடித்துத் திருப்பித் தந்துவிடுகிறார். அவர்மீது குற்றமில்லை, அவரிடம் வினவியது பொன்னின் விலையை மட்டுமே.

அவ்விலை எவ்வளவு என்பதை நேர்மையாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். இக்கடிகாரங்களின் உறை பெரும்பாலும் 18 காரட் பொன்னால் ஆனது. இருபத்து நான்கில் பதினெட்டு பங்கு, அஃதாவது முக்கால் பங்கு பசும்பொன். உறை 40 கிராம் எனக் கொண்டால் அதில் பசும்பொன் 30 கிராம். நம் நாட்டு 22 காரட் நகையாக மாற்றினால் 32 கிராமுக்குச் சற்று மிகும். சேதாரத்தை ஒதுக்கிவிட்டால் நான்கு பவுன். மகளை மணமேடையில் இருத்தக் காத்திருக்கும் ஒரு தந்தைக்கு நான்கு பவுன் என்பது சிறிய தொகையன்று. 'பழைமையைப் போற்றுக' என்னும் அறிவுரை அவருக்குப் பசியாற்றாது.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருவர் இத்தகைய கடிகாரம் ஒன்றைக் கைக்குட்டையில் பொதிந்து துறைக்குக் கொண்டுவந்தார். 'எங்க அத்தாவோட அத்தாவுக்கு நிக்காஹ்வில வந்தது, ஐயா. மூடிக்குள்ள ஏதோ எழுதியிருக்கு, என்னன்னு பாருங்க' என்றார். அவர் தமக்கையின் திருமணம் நெருங்கியிருந்தது. உறையை அழிப்பதென வீட்டில் முடிவாகியிருந்தது. மூடியின் உட்புறத்தில் இருந்தவை செய்தோரின் முத்திரையும் வரிசை எண்ணுமே. விளிம்பில் இருந்த தள்ளுவிசை எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை. அவர் தந்தைக்கும் தெரியவில்லை. உக்கடம் பகுதியில் பழைய கடிகாரங்களைப் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் காட்டுமாறு கூறி அனுப்பினேன்.

அவர் அழுக்கு நீக்கி எண்ணெயிட்டுக் கொடுத்த கடிகாரத்தை வீட்டில் இயக்கியபோது, மாணவியின் வயது முதிர்ந்த அத்தைதான் முதலில் எழுந்து வந்தாராம். ஆண்கள் பொன் அணிதல் ஆகாது என்னும் மார்க்க நெறியைப் பேணியவர் அவருடைய தந்தை. ஆதலால் பரிசாக வந்த கடிகாரத்தை அவர் ஒரு நாளும் அணியாமல் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டார். ரமளான் மாதத்தில் ஸஹர் வேளை வந்துவிட்டதா என அறிய, பிள்ளைகளின் உறக்கம் கலையாதவாறு விளக்கேற்றாமலேயே அந்த அம்மையார் தலையணையின் அடியில் கைவிட்டு விசையைத் தள்ளுவாராம். மூன்று ஒற்றை அடியும் இரண்டு இரட்டை அடியும் கேட்டால் எழுந்து அடுப்பு மூட்டுவார். பாயில் படுத்தபடி அவ்வொலியைக் கேட்ட சிறுமி, அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர் அதனை அடையாளம் கண்டுகொண்டார். மாப்பிள்ளைக்கு வந்த பரிசு மணமகளின் கருவியாகவே வாழ்ந்திருக்கிறது. அதனை வீட்டில் வேறு எவரும் அறியவில்லை.

அக்குடும்பம் கடிகாரத்தை அழிக்கவில்லை. தமக்கையின் நகையில் நான்கு பவுன் குறைந்தது. அக்குறையை அத்தையே தம் வளையல்களால் நிரப்பினார் என்று பின்னர் அறிந்தேன். எல்லாக் குடும்பங்களிலும் இவ்வாறு நிகழும் என எதிர்பார்க்க இயலாது. ஆயினும் விற்பதாயினும் அழிப்பதாயினும், கையில் இருப்பது இன்னதென்று அறிந்த பின்னர் முடிவு செய்வதே முறை. உறையிழந்த இயந்திரம் தூசிக்கும் ஈரத்துக்கும் இரையாகிச் சில ஆண்டுகளில் துருவாகிவிடும். முழுமையாக இயங்கும் மணிமொழிக் கடிகாரத்தை நாடுவோர் உலகெங்கும் உள்ளனர். அவர்கள் பொன்னின் எடைக்கு மேலும் விலை தருவர். நான்கு பவுனுக்காக அழிப்பவர் பொருளாதார நோக்கிலும் இழப்புக்கே ஆளாகக்கூடும்.

உலோகத்தின் விலை வேறு, பொருளின் மதிப்பு வேறு என்பதற்கு நம் நாட்டுச் சான்று ஒன்று உண்டு. காந்தியடிகள் பயன்படுத்திய ஜெனித் சட்டைப்பைக் கடிகாரம் வெள்ளியால் ஆனது. அதுவும் குறித்த நேரத்தில் ஒலித்து எழுப்பும் வகையைச் சேர்ந்ததே. 2009 மார்ச்சுத் திங்களில் நியூயார்க்கில் அக்கடிகாரமும், அவருடைய மூக்குக் கண்ணாடி, செருப்பு, கிண்ணம், தட்டு ஆகியனவும் ஒருசேர ஏலத்துக்கு வந்து 18 இலட்சம் டாலருக்கு விலைபோயின. அவற்றில் இருந்த வெள்ளியை மட்டும் எடை போட்டிருந்தால் சில ஆயிரம் ரூபாயே தேறியிருக்கும்.

பேணும் முறை

இல்லத்தில் பழைய சட்டைப்பைக் கடிகாரம் வைத்திருப்போர் கருத்தில் கொள்ள வேண்டியவை சில உள்ளன.

1. உறையின் விளிம்பில் நகரும் துண்டோ, அழுத்துவிசையோ உள்ளதா எனப் பார்க்க வேண்டும். இருப்பின் அது மணிமொழி வகையாக இருக்கக்கூடும். பல்லாண்டு இயங்காத கடிகாரத்தின் விசையை வலிந்து தள்ளுதல் கூடாது. உள்ளிருக்கும் எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும்.

2. இயங்கும் நிலையில் உள்ளதாயின் விசையை ஒரே சீராக இறுதிவரை தள்ளிவிட வேண்டும். அடித்து முடியும்வரை மீண்டும் தள்ளுதலோ, முள்ளைத் திருப்புதலோ ஆகாது. நத்தைத் தட்டின் படிகளும் கைகளின் பற்களும் முறிய இதுவே பெருங்காரணம்.

3. மூடியைக் கத்தி முனையால் நெம்பித் திறத்தல் தவறு. உட்புறத்தில் உள்ள முத்திரைகளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்துக் குறித்துக் கொள்ளலாம். 18 என்னும் எண்ணோ, 0.750 என்னும் எண்ணோ பொன்னின் மாற்றைக் காட்டும். உள்மூடி சில கடிகாரங்களில் பொன் முலாம் பூசிய பித்தளையாக இருப்பதும் உண்டு. எடை போடுவோர் இதனை மறத்தலாகாது.

4. முதலில் செல்ல வேண்டிய இடம் கடிகாரம் பழுதுபார்ப்பவரின் கடை. பொற்கொல்லரிடம் செல்வது அதன் பின்னரே. இயந்திரத்தையும் உறையையும் பிரித்து விற்கும் முன்னர் முழுப்பொருளின் மதிப்பை அறிந்து கொள்க.

5. யாருக்கு, யார், எந்தத் திருமணத்தில், எந்த ஆண்டில் அளித்தனர் என்னும் செய்தியை ஒரு தாளில் எழுதிக் கடிகாரத்தோடு வைத்தல் வேண்டும். எழுதப்படாத செய்தி இரண்டு தலைமுறைக்குள் மறைந்துவிடும்.

வரலாற்றுச் சிறப்புடைய, நூறாண்டு கடந்த பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புதலை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடைசெய்கிறது என்பதையும் விற்க எண்ணுவோர் நினைவில் கொள்ளல் நலம்.

நிறைவாக

பொன் எங்கும் ஒன்றே. உருக்கினால் வளையலாகும், வளையலை உருக்கினால் சங்கிலியாகும், வடிவம் மாறினும் பொன் குறைவதில்லை. அழியாத அப்பொருளைக் காப்பதற்காக, ஒருமுறை அழிந்தால் மீளாத பணித்திறனை அழித்துவிடுகிறோம். பன்னிரண்டு படிகளைக் கையால் அராவிய கலைஞரின் திறமும், இருளில் விசை தேடிய விரல்களின் வழக்கமும் எந்த உரைகல்லிலும் தெரிவதில்லை. அவற்றைக் கேட்டறியச் செவியே வேண்டும்.

மணி என்னும் சொல்லுக்குத் தமிழ் தந்த பொருள்களுள் ஒளிக்கல்லும் ஒலிக்கருவியும் அடுத்தடுத்து நிற்கின்றன. இக்கடிகாரத்தை முதற்பொருளால் மட்டும் மதிப்பவர் அதன் உறையைக் காண்கிறார். இரண்டாவது பொருளையும் அறிந்தவர், எடை போடுவதற்கு முன் ஒருமுறை விசையைத் தள்ளிக் கேட்பார். நம் இல்லங்களில் இன்னும் எஞ்சியுள்ள சில கடிகாரங்கள் அந்த ஒரு வினாவுக்காகக் காத்திருக்கின்றன.